வேரோடு எடுத்துப் பார்க்க வேண்டும்: டெல்டாவின் மழைக்காளான்கள்

புரட்டாசி கடைசியிலோ ஐப்பசி தொடக்கத்திலோ ஓர் இரவு முழுக்க இடி இடித்து மழை கொட்டும். விடிந்ததும் அத்தை வீட்டில் இருக்க மாட்டார். கொல்லைக் கடைசியில், வாய்க்காலைத் தாண்டி ஒரு திடல். மூங்கில் குத்து, இரண்டு பனை, ஒரு புற்று. களைக்கொத்தும் கூடையுமாக அங்கேதான் நிற்பார். புரட்டாசியில் கறி எடுக்காத வீட்டில் புத்துக்காளான் குழம்புக்கு இருந்த மரியாதையே தனி. நானும் பின்னாலேயே ஓடுவேன். வெள்ளையாக எதைக் கண்டாலும் பிடுங்கப் போகும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேல பாக்காத தம்பி. அடியில என்ன இருக்குன்னு பாரு. வேரோட எடு" என்பார்.

அதை ஏதோ சமையல் பக்குவம் என்றுதான் அப்போது நினைத்தேன். காளான்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், உயிர் பிழைக்கத் தேவையான பாடத்தில் பாதி அந்த வார்த்தைகளுக்குள் இருந்தது புரிந்தது.

ஒரு காளானில் விஷம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வீட்டில் செய்யக்கூடிய சோதனை எதுவுமே இல்லை. நிறம், மணம், ருசி, பூச்சி அரித்திருப்பது, எதுவும் உதவாது. நம்மால் முடிந்தது ஒன்றுதான்: ஏதாவது ஒரு காளானை அடி முதல் நுனி வரை நன்றாகத் தெரிந்துகொண்டு, "இது அதுவேதான்" என்று சொல்வது. தெருவில் வரும் நூறு பேரில் சித்தப்பாவை எப்படி அடையாளம் காண்கிறோமோ, அப்படி. மற்ற தொண்ணூற்று ஒன்பது பேர் நல்லவர்களா கெட்டவர்களா என்று ஆராய வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் தெரிந்ததைக் காளான் என்றும் தெரியாததையெல்லாம் நாய்க்குடை என்றும் சொல்லி ஒதுக்குவார்கள். தாவரவியல் கணக்கில் அந்தப் பிரிவு செல்லாது. ஆனால் சாப்பிடுகிறவனுக்கு அதைவிட நல்ல பிரிவு கிடையாது.

புற்றுக்குள் நடக்கும் விவசாயம்

டெல்டாவில் தேடித் தின்னத் தகுந்த காட்டுக்காளான் என்றால் முதலில் புத்துக்காளான்தான். நடவு வயலில் தண்ணீர் நிற்பதால் அங்கே புற்று எழாது. திடல், களத்துமேடு, தென்னந்தோப்பு, கொள்ளிடத்துப் படுகை, பட்டுக்கோட்டை ஒரத்தநாடு பக்கத்து மேட்டு நிலங்கள், இங்கெல்லாம்தான் பார்க்கலாம்.

புற்றுக்கும் காளானுக்கும் உள்ள உறவு தற்செயலானது அல்ல. மண்புற்று எழுப்பும் ஓடோன்டோடெர்மிஸ் இனக் கறையான்கள் உண்மையிலேயே விவசாயிகள். காய்ந்த இலை, குச்சி, ஓலை, வைக்கோல் எல்லாவற்றையும் தின்றுவிட்டு வந்து, அரைகுறையாகச் செரித்த எச்சத்தைப் புற்றுக்குள் தேனடை மாதிரி மடிப்பு மடிப்பாகக் கட்டிவைக்கும். அந்தப் படுக்கையில் டெர்மிடோமைசிஸ் என்ற பூஞ்சை வளரும். கறையானால் தனியாகச் செரிக்க முடியாத மரப்பொருளைப் பூஞ்சை சிதைத்துக் கொடுக்கும், கறையான் அதை உண்ணும். பதிலுக்குப் பூஞ்சைக்கு இருட்டும் ஈரமும் பாதுகாப்பும் கிடைக்கும். வேறு பூஞ்சை தலையெடுத்தால் கறையான்கள் களையெடுத்துவிடும். சுமார் 3 கோடி ஆண்டுகளாக நடக்கும் கூட்டுப்பயிர் இது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மட்டுமே உண்டு. அமெரிக்கக் கண்டங்களில் இந்த வகைக் கறையானே கிடையாது.

டெர்மிடோமைசிஸ் என்ற பேரினத்துக்கு 1942இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு ஆய்வாளர் ரோஜர் ஹெய்ம். தென்னிந்தியாவில் பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979இல் விவரித்து, ஹெய்மின் பெயரால் டெர்மிடோமைசிஸ் ஹெய்மி என்று பெயரிட்டார். இவ்வளவு காலம் படித்தும் இந்தக் காளானை வணிக அளவில் பண்ணையில் வளர்க்கும் வழி இன்னும் கைகூடவில்லை. கறையான் இல்லாமல் அது குடை விரிப்பதில்லை. மழைக்காலத்தில் மக்கள் இன்னும் கூடை எடுத்துக்கொண்டு போவதற்கு அதுதான் காரணம்.

இந்த வாழ்க்கையைப் புரிந்துகொண்டால் அடையாளங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, தானாகவே வந்துவிடும். மண்ணுக்கு அடியில், சில சமயம் ஒரு முழத்துக்கும் கீழே இருக்கும் படுக்கையிலிருந்து காளான் மேலே வர வேண்டும். கெட்டி மண்ணைத் துளைக்க வேண்டும் என்பதால்தான் குடையின் நடுவில் கூரான, பெரும்பாலும் கொஞ்சம் கறுத்த ஒரு முனை இருக்கிறது. குடை விரிந்த பிறகும் அந்தக் குமிழ் மறையாது. அவ்வளவு ஆழத்திலிருந்து வருவதால்தான் தண்டு மண்ணுக்குள் மெலிந்து, நீண்டு, வேர் மாதிரி இறங்குகிறது. பக்கத்து மண்ணைக் களைக்கொத்தால் மெல்ல விலக்கிக்கொண்டே போனால் அந்த வேர் கறையான் படுக்கையில் போய் முடியும். தண்டைப் பிளந்தால் நார் நாராகக் கெட்டியாக இருக்கும். குடையைக் கவிழ்த்தால் அடிமடிப்புகள் நெருக்கமாக, தண்டைத் தொடாமல் விலகி நிற்கும். இளசில் வெள்ளை, முற்றினால் லேசான இளஞ்சிவப்பு.

இந்த அடையாளங்கள் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். புற்றுக்குப் பக்கத்தில் முளைத்தது என்பது மட்டும் போதாது, புற்று மண்ணில் வேறு காளானும் முளைக்கும். தண்டில் வளையம் இருந்தால் விஷம், இல்லாவிட்டால் நல்லது என்ற பேச்சும் இங்கே செல்லாது. ஹெய்மி வகைக்குத் தடித்த வளையமே உண்டு. வேர் நீண்டு கறையான் படுக்கையைத் தொட வேண்டும், அடியில் கிண்ணம் போன்ற பை இருக்கக்கூடாது. இந்த இரண்டையும் மேலே கையால் முறித்து எடுக்கிறவர் பார்க்கவே முடியாது. அத்தை சொன்னது அதைத்தான்.

கையை விட்டுத் தோண்ட வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். கறையான் கைவிட்ட புற்றில் நல்லபாம்பு தங்கும். மஞ்சள் பூசிக் கும்பிடும் புற்றாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு வேறு இடம் பார்ப்பதுதான் மரியாதை.

புற்று மண்ணின் மேல் அரிசியை இறைத்தது போல நூற்றுக்கணக்கில் பூக்கும் குட்டிக்காளானும் இதே இனம்தான். அதற்கு நீண்ட வேர் கிடையாது. கறையான்கள் படுக்கைத் துணுக்குகளை வெளியே கொண்டுவந்து போடுவதால் மேலேயே பூக்கிறது. பழகியவர்களுக்கு இது எளிது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தொட வேண்டாம் என்றே சொல்வேன். சின்ன வெள்ளைக் காளான்களின் கூட்டத்தில்தான் லெபியோட்டா போன்ற கொல்லும் இனங்களும் இருக்கின்றன.

வைக்கோல் போரில் பூப்பது

அடுத்தது வைக்கோல் காளான். மழையில் நனைந்து உள்ளே சூடேறி மக்கத் தொடங்கிய போரின் அடிப்பக்கத்தில் சாம்பல் நிற முட்டைகளாக வரும். முட்டையின் தோல் கிழிந்து குடை மேலே எழும்பும், தோல் தண்டின் அடியில் பையாக நிற்கும். இதன் பெயர் வால்வேரியெல்லா. இந்தியாவில் இதைப் பயிரிடும் முயற்சி 1940களின் தொடக்கத்திலேயே கோயம்புத்தூரில் நடந்தது.

இங்கேதான் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. உலகத்தில் காளானால் நேரும் சாவுகளில் பெரும்பகுதிக்குக் காரணமான அமனிட்டா இனமும் இதே மாதிரி முட்டையிலிருந்துதான் வருகிறது, அதற்கும் அடியில் இதே மாதிரி பை உண்டு. முட்டைப் பருவத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்வது அனுபவசாலிக்கே கஷ்டம். விரிந்த பிறகு வித்தியாசம் தெரியும். வைக்கோல் காளானின் அடிமடிப்பு இளஞ்சிவப்பாகி, பிறகு பழுப்பாகும், தண்டில் வளையம் இருக்காது. அமனிட்டாவின் மடிப்புகள் பெரும்பாலும் கடைசிவரை வெள்ளையாகவே இருக்கும், பல வகைகளுக்குத் தண்டில் பாவாடை போல வளையம் தொங்கும். வளரும் இடமும் வேறு. அமனிட்டாவில் பெரும்பாலானவை உயிருள்ள மரத்தின் வேரோடு சேர்ந்து மண்ணில் வளர்பவை, வைக்கோலில் வராது.

2011 டிசம்பர் 31 அன்று இரவு ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இந்தக் குழப்பம் இரண்டு உயிர்களைக் கொண்டுபோனது. சீனாவிலிருந்து வந்திருந்த ஒரு சமையல்காரர், வைக்கோல் காளான் என்று நினைத்து அமனிட்டா ஃபல்லாய்டிஸ் காளானைச் சமைத்துவிட்டார். அவரும் உடன் சாப்பிட்ட ஒருவரும் சில நாட்களில் இறந்தார்கள். அவருக்குக் காளான் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் கண் பழகியது வேறொரு மண்ணின் காளானுக்கு. காளான் அறிவு ஊரோடு ஒட்டிய அறிவு. மன்னார்குடியில் கற்றது ஊட்டியில் செல்லாது. அங்கே பைன், யூகலிப்டஸ் மரங்களோடு அமனிட்டாவும் சேர்ந்திருக்கும். டெல்டாவிலிருந்து வெளிநாடு போன பிள்ளைகள் அங்குள்ள பூங்காவில் "நம்ம ஊர்க் காளான்" என்று ஆசைப்படும்போது இதைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்குள்ளேயே இடம் மாறிக்கொண்டிருப்பதும் கவலையாக இருக்கிறது. அறுவடை இயந்திரம் வந்தபின் வைக்கோலைச் சுருட்டிக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். வீட்டுக்கொரு வைக்கோல் போர் இருந்த தெருவில் இன்று மாடும் இல்லை, போரும் இல்லை. திடல்கள் மனைகளாகின்றன, புற்றுகள் சமன்படுத்தப்படுகின்றன. தெரிந்த காளான் வளரும் இடம் குறையும்போது, அந்த ஆசை தெரியாத காளானின் மேல் திரும்புகிறது.

புல்தரையில் நிற்கும் வெள்ளைக்குடை

அப்படித் திரும்பும்போது முதலில் கண்ணில் படுவது ஒரு பெரிய வெள்ளைக் காளான். பள்ளி மைதானம், கோயில் நந்தவனம், கல்யாண மண்டபத்துப் புல்தரை என்று மழைக்கு மறுநாள் வரிசையாகவும் வட்டமாகவும் நிற்கும். சாப்பாட்டுத் தட்டு அகலம் வரை விரியும். மேலே பழுப்புச் செதில்கள், தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம். பார்க்க அவ்வளவு லட்சணம், மணத்திலும் குறை இல்லை. பெயர் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். வெப்ப நாடுகளில் காளான் தின்று வாந்தியோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பலர் தின்றது இதைத்தான்.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம் ஒருமுறை இதைப் பறித்துவந்து வறுத்துச் சாப்பிட்டது. மைதானத்தில் பறித்தவர்கள் பிள்ளைகள், வறுத்தது அம்மா. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுப்போக்கு. இரவெல்லாம் நிற்கவில்லை. குளுக்கோஸ் ஏற்றி எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். கடைசிப் பையனுக்கு வயது ஐந்து, அவன் மட்டும் மூன்று நாள் படுத்திருந்தான். அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னது நினைவிருக்கிறது: "வெள்ளையாத்தானேம்மா இருந்துச்சு, புத்துக்காளான் மாதிரியே."

அது எவ்வளவு நியாயமான ஏமாற்றம் என்று பாருங்கள். இளசாக இருக்கும்போது இதன் அடிமடிப்பும் வெள்ளைதான். முற்றிய பிறகுதான் பச்சை படரும், ஏனென்றால் இதன் வித்துத்தூள் பச்சை. ஆனால் வேரோடு எடுத்துப் பார்த்திருந்தால் இளசிலேயே மாட்டியிருக்கும். நீண்ட வேர் கிடையாது, தண்டின் அடி சற்று உப்பி மண்ணின் மேற்பரப்போடு முடிந்துவிடும். குடையின் நடுவில் கூர்முனையும் இல்லை.

வித்துத்தூள் என்று சொன்னேன். காளானின் கைரேகை மாதிரி அது. முற்றிய ஒரு குடையைத் தண்டு நீக்கி, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி காகிதத்தில் வைத்து, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துவிடுங்கள். பாதிக் காகிதம் வெள்ளையாகவும் பாதி கறுப்பாகவும் இருந்தால் நல்லது, வெள்ளைத்தூள் வெள்ளைத்தாளில் தெரியாது. இரவு வைத்தால் காலையில் மடிப்புகளின் அச்சு அப்படியே தூளாக இறங்கியிருக்கும். புத்துக்காளானுக்கும் வைக்கோல் காளானுக்கும் இளஞ்சிவப்பு. குளோரோபில்லத்துக்குப் பச்சை. அமனிட்டாவுக்கு வெள்ளை. சாணத்திலும் மக்கிய வைக்கோலிலும் வந்து ஒரே நாளில் மையாகக் கரையும் காளானுக்குக் கறுப்பு. ஆனால் இளஞ்சிவப்பு என்றாலே நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம். என்டோலோமா என்ற இனத்துக்கும் இளஞ்சிவப்புத்தான், அதில் விஷமுள்ளவை உண்டு. அதன் மடிப்புகள் தண்டோடு ஒட்டியிருக்கும், புத்துக்காளானில் விலகியிருக்கும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. இரவு முழுக்கக் காத்திருந்தால் அன்றைக்குப் பறித்த காளான் கெட்டுப்போகும். அதற்கு என் பதில், முதல் வருஷம் சமைக்காதீர்கள் என்பதுதான். பறித்துப் பாருங்கள், தூள் எடுங்கள், தெரிந்த பெரியவரிடம் காட்டுங்கள். புற்று அங்கேயேதான் இருக்கும், அடுத்த வருஷமும் அதே இடத்தில் பூக்கும். அச்சு விழுந்த காகிதத்தில் தேதியும் இடமும் எழுதி வைத்துக்கொண்டால் மறுவருஷம் கை தயங்காது. செல்போனில் படம் எடுத்து ஆப்பிலோ வாட்ஸ்அப் குழுவிலோ கேட்டு முடிவெடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். படத்தில் மண்ணுக்கு அடியில் இருப்பது வராது.

நம்பக்கூடாத சோதனைகள்

வெள்ளிக்காசு போட்டால் விஷக்காளான் கறுக்கும், பூண்டு நீலமாகும், அரிசி சிவக்கும் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக வருகிற பேச்சு. எதுவும் உண்மையில்லை. வெள்ளி கறுப்பது கந்தகத்தால். அமனிட்டாவின் நஞ்சுக்கும் வெள்ளிக்கும் சம்பந்தமே இல்லை. எறும்பும் நத்தையும் தின்றால் நமக்கும் ஆகும் என்பதும் தவறு, அவற்றின் உடம்பு வேறு. புளி ஊற்றி நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும் என்பார்கள். அமடாக்சின் என்ற அந்த நஞ்சு கொதித்தாலும் காய்ந்தாலும் அழியாது. முதலில் கொஞ்சம் தின்று பார்ப்போம் என்பது இதையெல்லாம் விடக் கொடியது. ஏனென்றால் அந்த நஞ்சு உடனே எதையும் காட்டாது.

இடி இடித்தால் காளான் பூக்கும் என்ற நம்பிக்கையை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். மழையும் திடீர்க் குளிர்ச்சியும் பெரிய காரணம் என்பது சரி. ஆனால் ஜப்பானில் ஷீடாகே காளான் வளர்க்கும் கட்டைகளில் மின்துடிப்பு செலுத்திப் பார்த்தபோது விளைச்சல் கூடியிருக்கிறது.

வேறு சில இடங்களையும் சொல்லிவிடுகிறேன். வேதாரண்யம், நாகப்பட்டினம் கரையோரச் சவுக்குத் தோப்புகளில் உருண்டைக் காளான்கள் வரும். குறுக்கே வெட்டினால் உள்ளே கறுப்பாகவோ பொடியாகவோ இருக்கும், தின்னக்கூடாது. 2018 கஜா புயலில் விழுந்து மக்கிய மரங்களில் விதவிதமாகக் காளான்கள் பூத்ததைப் பார்த்திருக்கிறேன். மரத்தில் வருவதெல்லாம் நல்லது என்ற எண்ணமும் சரியில்லை, அமடாக்சின் உள்ள சில இனங்கள் மரத்திலும் வளர்கின்றன. மருந்தடித்த வயல் வரப்பிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் வளர்வது நல்ல இனமாகவே இருந்தாலும் வேண்டாம். பூச்சிமருந்தையும் கன உலோகத்தையும் காளான் உறிஞ்சிவைத்துக்கொள்ளும்.

நல்ல காளானும் பழசானால் வயிற்றைக் கெடுக்கும். வைக்கோல் காளானை ஃப்ரிட்ஜில் வைத்தால் காய்கறி மாதிரி நிற்காது, குளிரில் நீர்விட்டுக் கரைந்துவிடும். பறித்த அன்றே, நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டுவிட வேண்டும். பச்சையாகக் கூடவே கூடாது.

சாப்பிட்ட பிறகு

எவ்வளவு நேரம் கழித்து வாந்தி வந்தது என்பதுதான் மருத்துவருக்கு முதல் தகவல். ஓரிரு மணி நேரத்தில் வந்தால் பெரும்பாலும் வயிற்றைப் புண்ணாக்கும் வகை. நீரிழப்புத்தான் ஆபத்து, குழந்தைகளுக்கு அதுவே பெரிய ஆபத்து. 6 மணி நேரத்துக்குப் பிறகு வந்தால் அமடாக்சினைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நஞ்சு உயிரணுக்கள் புரதம் செய்வதையே நிறுத்திவிடும், கல்லீரலைத்தான் முதலில் பிடிக்கும். அதன் கொடூரம் என்னவென்றால், ஒரு நாள் வாந்தியும் போக்கும் போட்டு வாட்டிவிட்டு, இரண்டாம் நாள் குணமானது போல ஆகிவிடும். "சரியாயிடுச்சு" என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவார்கள். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம், நான்காம் நாளில் மஞ்சள் காமாலையோடு திரும்பி வரும்போது மருத்துவர்கள் கையில் அதிகம் மிச்சமிருக்காது. 2022 ஏப்ரலில் மேல் அசாமின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் காட்டுக்காளான் தின்று 13 பேர் இறந்தார்கள்.

இரண்டு மணி நேரத்தில் வாந்தி வந்துவிட்டது, அதனால் இது சாதாரண வகைதான் என்று ஆறுதல் கொள்வதும் சரியாகாது. ஒரே கூடையில் இரண்டு மூன்று வகை கலந்திருந்தால், முதலில் பேசுவது ஒன்று, கொல்வது இன்னொன்றாக இருக்கலாம். சந்தேகம் வந்த நிமிஷமே 108ஐக் கூப்பிடுங்கள். சாப்பிட்ட எல்லோரும் போக வேண்டும், நன்றாக இருக்கிறவர்களும்தான். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வேலை வேண்டாம். சமைக்காத காளான் மிச்சமிருந்தால், குப்பையில் போட்டதாக இருந்தாலும், எடுத்துப் பிளாஸ்டிக் பையில் இல்லாமல் காகிதத்தில் மடித்துக் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எந்த இடத்தில் பறித்தீர்கள் என்பதை அந்தக் காகிதத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.

அத்தை இப்போதும் ஒவ்வொரு முறை சமைக்கும்போதும் ஒரு முழுக் காளானை வேர், மண் எல்லாவற்றோடும் தனியே எடுத்து, செய்தித்தாளில் சுற்றிக் கிணற்றடி மாடத்தில் வைத்துவிடுவார். மறுநாள் சாயங்காலம்தான் அதை வாழையடியில் போடுவார்.